2026-27: வெளிநாட்டு செமஸ்டரும் யூதப் பண்டிகைகளும் – இலையுதிர் காலமா, வசந்தமா?

அமெரிக்கக் கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டருக்கு வெளிநாடு போக நினைக்கும் யூத மாணவர்களில், பண்டிகைகளை முறையாக அனுசரிப்பவர்கள் பலர் இலையுதிர் செமஸ்டரைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள். ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர் (நோன்பு நாள்), சுக்கோத் (கூடாரப் பண்டிகை), சிம்ஹாத் தோரா (வேத வாசிப்பு நிறைவு விழா) என்று மூன்றே வாரத்தில் அடுத்தடுத்துப் பண்டிகைகள். போய் இறங்கியதுமே வகுப்புக்கு விடுப்பு கேட்க வேண்டும். 2025இல் அந்தப் பயம் நியாயமானது: வேலை செய்யக் கூடாத ஏழு நாள்களும் வாரநாள்களில் விழுந்தன. 2026இல் அப்படி இல்லை.

ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13. சுக்கோத்தின் முதல் இரு நாள்கள் 26, 27. சுக்கோத்தை அடுத்து வரும் ஷெமினி அட்செரெத்தும் சிம்ஹாத் தோராவும் அக்டோபர் 3, 4. எல்லாம் சனி, ஞாயிறு. வாரநாளில் வருவது யோம் கிப்பூர் மட்டும், செப்டம்பர் 21, திங்கள்.

2027 வசந்தத்தில் ஏப்ரல் 22 வியாழன், 23 வெள்ளி, 28 புதன், 29 வியாழன் என நான்கு வாரநாள்கள், புளிப்புள்ள உணவைத் தவிர்க்கும் பெசாக் பண்டிகைக்கே போய்விடும். ஈஸ்டர் விடுமுறையோடு சேர்ந்து வரும் என்றும் நம்ப வேண்டாம். யூத நாட்காட்டியில் இது கூடுதல் மாதம் சேரும் ஆண்டு. ஈஸ்டர் மார்ச் 28இலேயே முடிந்துவிடும். பெசாக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறது.

ஆனாலும் எங்கள் கணிப்பில் விடுப்பு நாள்களைவிடச் சமையலறைதான் பெரிய சிக்கல். இலையுதிர் பண்டிகைகளுக்கு, வழக்கமான கோஷர் (யூத உணவு விதிப்படியான) ஏற்பாடு இருந்தாலே போதும்: சொந்தமாக ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு கத்தி. சுக்கோத்துக்குக் கூடாரமும், சடங்குக்கான எத்ரோக் பழமும் உள்ளூர் சமூகத்திடம் கிடைக்கும். ஆகஸ்டிலேயே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவே. பெசாக்குக்கு அது போதாது. புளிப்பு மாவு பட்ட பாத்திரம் அப்படியே ஆகாது என்பதால் பெரும்பாலும் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். பத்துப் பேர் ரொட்டி சுடும் விடுதிச் சமையலறையில் எட்டு நாள் காலம் தள்ளுவது எளிதல்ல.

அதிலும் 2027இல் புதன் மாலை தொடங்கி வியாழன், வெள்ளி, சப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வு நாள்) என மூன்று நாள் தொடர்ந்து வருகிறது. வெள்ளியன்று சப்பாத்துக்குச் சமைக்க வேண்டுமானால் புதனே ஏருவ் தவ்ஷிலின் (சப்பாத் சமையலை முன்பே தொடங்கியதன் அடையாளமாக எடுத்து வைக்கும் உணவு) வைத்தாக வேண்டும். அந்நாள்களில் அடுப்பைப் புதிதாக மூட்டவோ அணைக்கவோ கூடாது; மூன்று நாளும் அதை அணைக்காமல் விட எந்த விடுதியும் அனுமதிக்காது. அந்த மூன்று நாளுக்கும் ஒரு குடும்பத்தில் விருந்தாளியாகத் தங்குவதே வழி, பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள். பெசாக் இரவு விருந்துச் சடங்கான செடரைத் தனியாக நடத்துபவருக்கு ஒரு கணக்கு: திராட்சை ரசம் கிண்ணத்துக்கு 86 மில்லி என்றால் நான்கு கிண்ணத்துக்கு 344 மில்லி, இரண்டு இரவுக்கு 688. ஒரு 750 மில்லி புட்டி போதும். புளிப்பில்லா அப்பமான மாட்சா எட்டு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ.

ஊர்களில் லண்டன்தான் எங்கள் முதல் தேர்வு. கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன் பகுதிகளில் கோஷர் கடைகள் நடை தூரத்தில் இருக்கின்றன. சப்பாத்தில் வெளியே பொருள் எடுத்துச் செல்ல இடம் தரும் ஏருவ் எல்லை 2003 முதல் அங்கே இருப்பதால் சப்பாத்தில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போகலாம். கோபன்ஹேகன் அழகான ஊர், ஆனால் டிசம்பரில் மூன்றரை மணி வாக்கிலேயே பொழுது சாய்வதால் வெள்ளி மதிய வகுப்பை எடுக்கவே முடியாது. கோஷர் முறைப்படி விலங்கை மயக்காமல் அறுப்பதை டென்மார்க் 2014இல் தடை செய்ததால் கோஷர் இறைச்சி முழுக்க இறக்குமதி. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் கொண்டுபோகலாம் என்றால், இறைச்சியும் பால்பொருளும் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்தில் பறிபோகும்.

எருசலேமில் உணவுக் கவலை இல்லை. இலையுதிர் செமஸ்டரும் சுக்கோத் முடிந்த பிறகே தொடங்குகிறது. பெசாக்குக்குப் பல்கலைக்கழகம் மூடியிருக்கும். அங்கே தடுமாற வைப்பவை இரண்டு. உள்ளூரார் ஒரு நாளோடு பண்டிகையை முடிக்கும்போது வெளிநாட்டு மாணவர் இரண்டாம் நாளையும் அனுசரிப்பதா என்பதை உங்கள் ரபியிடம் (யூத மதகுரு) முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, பெசாக் முத்திரை உள்ள பொட்டலத்திலும் ‘கிட்னியோத் (அரிசி, பருப்பு வகை) உண்பவர்களுக்கு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அவற்றைத் தவிர்க்கும் அஷ்கெனாசி (ஐரோப்பிய யூத மரபு) மாணவர்கள் அதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

எந்த ஊரானாலும் அறை ஒதுக்கும் முன் கேட்க வேண்டியது கதவைப் பற்றி. மின்சாரத்தை இயக்கக் கூடாது என்பதால், மின் அட்டை தேய்த்துத் திறக்கும் கதவு சப்பாத்திலும் பண்டிகையிலும் உங்களை வெளியே நிறுத்திவிடும். தரைத்தளத்தில் உலோகச் சாவியுள்ள அறை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் ‘செப்டம்பர் 21’ என்று மட்டும் போட்டால் 20ஆம் தேதி மாலையில் ஏதாவது நிகழ்ச்சி வைத்துவிடுவார்கள். ‘20 ஞாயிறு பிற்பகல் முதல் 21 திங்கள் இரவு வரை’ என்று எழுதுங்கள்.

வசந்தத்தில்தான் போக முடியும் என்பவர்கள் ஹமேத்ஸ் விற்பனையை (பெசாக்குக்கு முன் புளிப்புப் பண்டங்களை ரபி மூலம் யூதரல்லாதவருக்கு விற்பது) கவனிக்க வேண்டும். நியூயார்க் வீட்டில் உங்கள் பெயரில் புளிப்புப் பண்டம் இருக்க, நீங்கள் லண்டனில் இருந்தால், தடை உங்களுக்கு ஐந்து மணி நேரம் முன்பே தொடங்குகிறது. நியூயார்க் ரபி தன் ஊர் நேரப்படி விற்பதற்குள் நேரம் கடந்துவிடலாம். லண்டன் ரபியிடமே விற்கக் கொடுங்கள். பண்டம் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். அப்போதுதான் நியூயார்க்கில் பண்டிகை முடியும் முன் அவர் அதைத் திரும்ப வாங்காமல் இருப்பார்.