பழைய கல்வீட்டுச் சமையலறைத் தரை: கான்கிரீட்டா, சுண்ணாம்பா, உள்ளபடியே விடுவதா?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் 300 வருடப் பழைய கல்வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சமையலறையில்தான். அலமாரியையும் அடுப்பையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தரையில் தவறினால் சுவர் ஓதம் குடிக்கும், அதனால் தரையை மட்டும் பார்ப்போம்.

பலரும் கேட்பது கான்கிரீட். தோண்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே கொட்டிவிட்டால் ஆயிற்று. செலவு குறைவு, எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை. புது வீட்டுக்குச் சரி, அங்கே சுவருக்கு அடியிலும் ஈரத்தடுப்பு உண்டு. பழைய கல்சுவருக்கு அது கிடையாது. இத்தனை காலம் தரை வழியாக ஆவியாகிப் போன மண் ஈரம், வழி அடைபட்டதும் ஓரத்துக்கு ஒதுங்கிச் சுவரில் ஏறப் பார்க்கும். சுவரிலும் யாராவது சிமென்ட் பூசி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்: உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து, அலமாரியின் முதுகில் பூஞ்சை படரும்.

இரண்டாவது வழி சுண்ணாம்புத் தளம். அடியில் நுரைக் கண்ணாடிக் கற்களை, அதாவது கண்ணாடியை நுரைக்க வைத்துச் செய்த இலேசான கட்டிகளை, பரப்புகிறார்கள். கற்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருப்பதால் நீர் மேலே ஏறாது, குளிரும் குறையும். அதன்மேல் நீரில் இறுகும் சுண்ணாம்பும் மணலும் ஜல்லியும் கலந்த தளம், பிறகு பாவுகல். ஆவி வெளியேற வழி இருக்கும். தரையைச் சூடாக்கும் குழாய்களையும் பதிக்கலாம். ஆனால் விலை கூடுதல், பழகிய ஆள் கிடைப்பது சிரமம், இறுக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உறைபனி படக்கூடாது.

மூன்றாவது வழி, மண்மேல் கிடக்கும் பழைய பாவுகற்களை அப்படியே விடுவது. குளிர்காலத்தில் கால் சில்லிடும், உண்மைதான். ஆனால் தோண்ட வேண்டாம் என்பது சின்ன லாபமில்லை. இந்த வீடுகளுக்குப் பல இடங்களில் அஸ்திவாரம் என்று பேருக்குத்தான் இருக்கும், அதைத் தாண்டிக் கீழே போனால் சுவரே அசையலாம். ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதையே வலியுறுத்துகிறது. அப்புறம், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் பழைய தரையைப் பெயர்க்க அனுமதி வேண்டும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் செய்வது குற்றம்.

என் கணக்கு இதுதான். கல் நன்றாக இருந்தால் ஆடுகிறவற்றை மட்டும் எடுத்துச் சுண்ணாம்புக் காரையில் திரும்பப் பதியுங்கள். முன்பு யாரோ கான்கிரீட் போட்டு, இப்போது சுவர் ஓதம் ஏறிக் கிடந்தால், அதைப் பெயர்த்துச் சுண்ணாம்புத் தளம் போடக் கூடுதலாகச் செலவழிக்கலாம். பணம் போதவில்லையா, பழைய அலமாரிகளை வாங்கி மாட்டுங்கள், தரையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.