ரென்பையில் சைடு இமேஜ்: நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

படமும் வசனமுமாக நகரும் கதை விளையாட்டுகளான விஷுவல் நாவல்களைச் செய்ய உதவும் மென்பொருள் ரென்பை. உரையாடல் பெட்டியின் ஓரத்தில் பேசுபவரின் முகம் சிறிதாகத் தெரியுமே, அதற்கு ரென்பையில் சைடு இமேஜ் என்று பெயர். சில வருடங்களாக என் விஷுவல் நாவல்களில் இதைத்தான் பயன்படுத்துகிறேன். இனியும் விடமாட்டேன்.

முதல் காரணம், கதைப் பிரதி சுத்தமாக இருக்கிறது. கதாபாத்திரத்தை வரையறுக்கும்போதே அதன் பட டேகை, அதாவது அதன் படங்களை அடையாளம் காட்டும் பெயரை, சொல்லிவிட்டால் போதும். அப்புறம் வசனத்துக்கு முன்னால் 'கோபம்', 'சிரிப்பு' என்று ஒரு சொல் எழுதினால் முகம் மாறிவிடும். நடுவில் அட் குறியை (@) போட்டால் அந்த முகபாவம் அந்த ஒரு வசனத்துக்கு மட்டும்தான். அடுத்த வரியில் பழைய முகம் தானாகத் திரும்பும். ஒரு வார்த்தையில் வெடித்து உடனே அடங்கிப்போகும் பாத்திரங்களை எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் இயல்பான அமைப்பில் ஒரு சங்கடம் உண்டு. பாத்திரத்தின் முழு உருவம் திரையில் நிற்கும்போதும் ஓரத்து முகம் வரும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரிவார். உருவம் திரையில் இல்லாதபோது மட்டும் முகத்தைக் காட்டும்படி கான்ஃபிக்கில், அதாவது ரென்பையின் அமைப்பு மாறிகளில், ஓர் அமைப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: சைடு இமேஜ் டேக் என்ற அமைப்பில் நாயகியின் பட டேகை மட்டும் கொடுத்துவிடுவது. கதை அவள் கண் வழியாக நடப்பதால் அவள் பெரும்பாலும் திரையில் நிற்பதில்லை. அவள் மனது தெரிய வேறு இடம் ஏது? இப்படி வைத்தால் மற்றவர்கள் பேசும்போதும் அவள் முகம் ஓரத்தில் இருக்கும், கடைசியாகக் காட்டிய பாவத்தோடு. அம்மா திட்டிக்கொண்டே போக, மகளின் இறுகிய முகம் மாறாமல் நிற்பதை ஒரு வரி கூட எழுதாமல் காட்டிவிடலாம்.

படங்களைத் தனியாக வரையத் தேவையில்லை. கண், வாய், புருவம் என்று பகுதிகளை அடுக்கும் லேயர்டு இமேஜில் உருவத்தை அமைத்திருந்தால், அதே உருவத்தை வேறு இடத்திலும் பயன்படுத்த உதவும் லேயர்டு இமேஜ் ப்ராக்ஸி மூலம் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு புருவம் சேர்த்தால் இரண்டு இடத்திலும் வந்துவிடும். சின்ன அளவில் மெல்லிய பாவங்கள் கரைந்துபோகும் என்பதால் புருவத்தையும் வாயையும் கொஞ்சம் அழுத்தியே வரைய வேண்டும். இடது ஓரத்து முகம் வலப்பக்கம், அதாவது எழுத்தை நோக்கிப் பார்ப்பது நல்லது. அதற்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால் வகிடும் மச்சமும் இடம் மாறிவிடும். திருப்பாமல் வரைவதே மேல்.

1920க்கு 1080 அளவில் புது ப்ராஜெக்ட் தொடங்கினால் வசனம் இடமிருந்து 402 பிக்சல் தள்ளித் தொடங்கும். முகம் அதற்குள் அடங்கினால் எழுத்தோடு மோதாது. கைபேசியில் மட்டும் கவனம் வேண்டும்: இடம் போதாது என்று ரென்பையின் இயல்பான வசனத் திரை அங்கே முகத்தைக் காட்டுவதே இல்லை. என் கதைகள் அந்த முகத்தை நம்பி இருப்பதால், திரைகளின் அமைப்பு எழுதப்பட்டிருக்கும் ஸ்க்ரீன்ஸ் கோப்பில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டு, கைபேசிக்கான வசனத்தை வலப்பக்கம் நகர்த்தி வைக்கிறேன். ஒரு வரியில் கொள்ளும் எழுத்து குறையும், பரவாயில்லை.