ஐப்பசி மழைக்குள் வன்னியில் கேம்பர் வான்: வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் கூரையை வடிவாகப் பார்த்து எடுங்கள், காட்டைத் தெரிந்த ஆட்களிடம் எடுங்கள். மழைக்காலத்தில் இந்த இரண்டும் சரியாக இருந்தால் போதும். மெத்தை, பிரிட்ஜ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் எடுத்தது வவுனியாவில். பழைய ஹையேஸ் வான் ஒன்றின் பின்பக்கத்தை ஒரு சின்ன வீடாக மாற்றியிருக்கிறார்கள். மடித்து விரிக்கும் கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சின்ன பிரிட்ஜ், கூரையில் சோலர் தகடு, பக்கத்தில் இழுத்துக் கட்டுகிற பந்தல். கணவர், மகள், மாமி, நான் என்று நாலு பேரும் நெருக்கமாகத்தான் படுத்தோம், ஆனாலும் கால் நீட்ட இடம் இருந்தது. வாடகை, நல்ல விடுதியொன்றில் இரண்டு அறை எடுக்கிற காசுக்குக் கிட்ட வரும். கடையின் பெயரை இங்கே போடவில்லை. நான் சொன்ன குறைகளைத் திருத்தித் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சாவியைத் தருவதற்கு முன்பு அங்கே இருந்த வயதான ஐயா ஒருவர் எங்களை இருத்தி வைத்து யானையைப் பற்றி மட்டுமே நீண்ட நேரம் கதைத்தார். கண்டவுடன் தூரத்திலேயே நிற்பாட்ட வேண்டும். ஹோர்ன் அடிக்கக்கூடாது. பெரிய லைற் போடக்கூடாது. இன்ஜினை நிற்பாட்டாமல், பின்னுக்கு எடுக்க இடம் விட்டு நிற்க வேண்டும். யாரும் இறங்கக்கூடாது. இரவில் வாழைப்பழம், அரிசி, உப்பு எதையும் கதவோரம் வைக்கக்கூடாது. நெல்லும் உப்பும் வைத்திருக்கிற வீட்டுச் சுவரையே யானை இடிக்கும், தகரக் கதவு எந்த மூலைக்கு என்றார். இதையெல்லாம் தமிழில் அச்சடித்து, சாரதி இருக்கைக்கு மேலே ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு வாகனம் தருகிற எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தாள் ஒன்றே வாடகைக் காசுக்குப் பெறுமதி.

ஓமந்தை தாண்டவே தூறத் தொடங்கியது. மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பும்போது அடித்து ஊற்றியது. ஒலுமடு கழிந்து கரிப்பட்டமுறிப்புப் பக்கம், இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்து நிற்கிற இடம். துடைப்பான் அடிக்க அடிக்க முன் கண்ணாடியில் தண்ணீர்தான். வீதியோரம் கறுப்பாக ஏதோ தெரிந்தது. மகள்தான் முதலில் சொன்னாள், "அம்மா, அது கல்லில்லை, அசையுது."

மழையில் நனைந்த யானையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வழமையாக நாங்கள் காண்பது புழுதி படிந்த சாம்பல் நிறம். நனைந்தால் நல்ல கறுப்பு. காதோரத்திலும் தும்பிக்கையின் அடியிலும் உள்ள இளஞ்சிவப்புப் புள்ளிகள் தனியாகத் தெரிகின்றன. கணவர் ஐயா சொன்னபடி தூரத்திலேயே நிற்பாட்டி, லைற்றைக் குறைத்தார். "பொறு, குட்டி இருக்கும்" என்றார் மாமி. அவர் மல்லாவிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சொன்னபடியே பற்றைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பெரிய பெட்டைகள் வந்தன, அவற்றின் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. வீதியோர வாய்க்காலில் வெள்ளம் ஓடியது. குட்டி இறங்கிவிட்டது, ஏற முடியவில்லை. முன்கால் இரண்டும் சேற்றில் வழுக்குகின்றன. தாய் திரும்பி வந்து தும்பிக்கையைக் குட்டியின் பின்பக்கத்தில் வைத்துத் தள்ளியது. ஒரு தள்ளு, குட்டி தார் வீதியில் முழங்காலில் விழுந்து எழும்பியது. நாங்கள் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து எங்கள் பக்கத்தில் ஒதுங்கியது. பொலித்தீன் சுற்றிய உர மூட்டையோடு ஒரு கமக்காரர். கணவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க, "அண்ணை, பயப்பிடாதேங்கோ. அவை தங்கட பாட்டில போவினம். பின்னால ஒண்டு நிக்கும், உடனே எடுக்காதேங்கோ" என்றார். உண்மைதான், எல்லாம் போய் வெகுநேரத்துக்குப் பிறகு கடைசியாக ஒன்று கடந்தது. அவர் சொல்லாவிட்டால் நாங்கள் அதற்குக் குறுக்கே போயிருப்போம். உள்ளே வந்து தேத்தண்ணீர் குடியுங்கள் என்று கேட்டோம், இருட்டமுதல் வயலுக்குப் போக வேண்டும் என்று போய்விட்டார். கூரையுள்ள வாகனத்துக்குள் நாங்கள் பார்த்து மகிழ்ந்ததை இவர்கள் ஒவ்வொரு நாளும் நனைந்துகொண்டே கடக்கிறார்கள். யானை வேலி முழுமையாக வராத ஊர்களில் விதைத்த நாளிலிருந்து அறுவடை வரைக்கும் இரவுக் காவல்தான். சுற்றுலா என்று வருகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். யானைக்குச் சோளமும் பழமும் எறிந்து வீதிக்குப் பழக்கிவிட்டுப் போனால், பிறகு அந்த யானையோடு சீவிக்கப் போவது இந்த மனிதர்கள்தான்.

இரவு தங்கியது முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட, ஒரு வீட்டு வளவுக்குள். ஒழுங்கு செய்து தந்தது கடைக்காரர்தான், அதுவும் நல்ல ஏற்பாடு. குளக்கட்டில் நிற்பாட்டிப் படுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலை உள்ள குளங்கள், மழைக்குக் கட்டு மண்ணும் இளகியிருக்கும்.

இனிக் குறைகள். கூரையில் காற்றுப் போக ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள றப்பர் காய்ந்து வெடித்திருந்தது. நடு இரவில் கட்டிலில் சொட்டத் தொடங்கியது. மாமி எழும்பி, லைற் போடாமலே கையால் தடவி ஒழுக்கு எங்கே என்று பிடித்துவிட்டார். ஒரு நூல் துண்டை அந்த இடத்தில் ஒட்டி, நுனியைத் தொட்டிக்குள் விட்டார். தண்ணீர் நூல் வழியே இறங்கித் தொட்டிக்குள் போனது. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த மாரிகளில் படித்தது என்றார். எங்களுக்கு மாமி இருந்தார், கைக்குழந்தையோடு போகிறவர்கள் என்ன செய்வார்கள்? இவ்வளவு காசு வாங்குகிற ஒரு வாகனத்தை மாரிக்கு முதல் தண்ணீர் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். இதை நான் சின்னக் குறையாக எடுக்கவில்லை.

பின் யன்னல் நுளம்பு வலையும் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. சாப்பிட லைற்றைப் போட்டதுதான் தாமதம், மழை விட்ட இடைவெளியில் ஈசல் கிளம்பி அந்தக் கிழிசலால் உள்ளே கொட்டியது. புட்டிலும் சம்பலிலும் சிறகு. ஈசலுக்குப் பின்னால் தவளைகள், கண்ணாடியில் வயிறு ஒட்டிக்கொண்டு வரிசையாக. தவளைக்குப் பின்னால் வருவதும் வந்தது. விடியற்காலை படிக்குக் கீழே நீளமான சாரை ஒன்று சுருண்டு கிடந்தது. சாரைக்கு நஞ்சில்லை, தடி தட்டிய சத்தத்துக்கே போய்விட்டது. ஆனால் அதே இடத்தில் புடையன் கிடந்திருந்தாலும் ஆச்சரியமில்லை, ஈரத்துக்கு ஒதுங்க அதுவும் இடம் தேடும். செருப்பை வெளியே விடாதீர்கள், இறங்க முதல் ரோர்ச் அடித்துப் பாருங்கள். இந்த இரண்டையும் அந்தத் தாளில் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

சோலரும் பெயருக்குத்தான். முகில் மூடிய நாளில் பற்றரி ஏறவேயில்லை, பிரிட்ஜ் இரவோடு நின்றது. மாரியில் போனால் மீன், இறைச்சி கொண்டு போகாதீர்கள்.

காலையில் மழை ஓய்ந்திருந்தது. வளவின் செம்மண்ணில் தம்பளப்பூச்சிகள், சிவப்பு வெல்வெட்டுத் துணியில் வெட்டிய மாதிரி. மகள் கையில் எடுத்து வைத்தாள். கால்களை உள்ளிழுத்து உருண்டையாகி, கொஞ்ச நேரத்தில் நம்பிக்கை வந்து திரும்ப நடந்தது. வேலியில் ஒரு மயில் தோகை நனைந்து பறக்க முடியாமல் செட்டையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும். வாகனத்தின் உயரமான யன்னலில் இருந்து, கதவு திறக்காமல், தேத்தண்ணீர்க் கோப்பையோடு இதையெல்லாம் பார்க்கலாம். விடுதி அறையில் இது கிடைக்காது.

படம் எடுக்கக் காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. 2009இல் போர் முடிந்த பிறகு இத்தனை வருடம் தோண்டியும் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரித்து வெடிகளை இடம் மாற்றும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் மட்டுமில்லை, ஊராட்கள் நடக்காத எந்தப் பாதையிலும் இறங்க வேண்டாம்.

வற்றாப்பளை அம்மனிடம் போகும் எண்ணம் இருந்தது, வீட்டுக்காரர் மழை திரும்பக் கறுக்கிறது என்றார். அதனால் ஒட்டுசுட்டானில் இருந்து புதுக்குடியிருப்புக்கு ஏறி, விசுவமடு, பரந்தன் வழியே ஏ9 வீதியைப் பிடித்தோம். பெரு மழையென்றால் முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற வீதியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும், போக முதல் விசாரியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம். முறிகண்டிப் பிள்ளையாரில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வவுனியா வந்தோம்.

வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஈர மெத்தையைக் காட்டினேன். சாக்குச் சொல்லவில்லை, வாடகையில் ஒரு பகுதியைக் கழித்தார்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கூரை மூடிக்குப் புது றப்பர் போட்டாயிற்றா, பின் யன்னல் வலை மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக் காட்டச் சொல்லிவிட்டு முற்பணத்தைக் கொடுங்கள்.