நெற்றியில் விபூதி, காதில் உச்ச நீதிமன்றம்: ஓயெஸ் தளத்தோடு இரண்டு வருஷம்

காலையில் லஞ்ச் பாக்ஸ் கட்டும்போது சிலர் பாட்டுக் கேட்பார்கள், சிலர் சுப்ரபாதம். நான் இரண்டு வருஷமாக வக்கீல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓயெஸ் என்று ஒரு இணையதளம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955 அக்டோபரிலிருந்து தன் முன் நடக்கும் வாதங்களை ஒலிப்பதிவு செய்து வருகிறது. அதையெல்லாம் வழக்கு வாரியாக அடுக்கி, பேசுபவரின் படத்தோடும், பேசப் பேசக் கூடவே நகரும் எழுத்தோடும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நீதிபதிகள் அவைக்குள் வரும்போது காவலர் மூன்று முறை கூவும் சொல்தான் தளத்தின் பெயர். நம் ஊர்க் கட்டியக்காரன் 'பராக், பராக்' என்பானே, அந்த ஜாதி.

எனக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நெற்றிதான். பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு அரசுப் பள்ளியில் மாற்று ஆசிரியை நான். யாராவது லீவு போட்டால் விடிகாலையில் போன் வரும், போய்க் கணக்கோ அறிவியலோ நடத்திவிட்டு வர வேண்டும். 2019-ல் சேர்ந்தபோது நீட்டிய காகிதக் கட்டில் ஒரு வரி: பணியில் இருக்கும்போது மதத்தைக் காட்டும் உடையோ, குறியோ, சின்னமோ கூடாது. 'குறி' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை வேறு. காரில் உட்கார்ந்து கண்ணாடியை என் பக்கம் திருப்பி, ஈரத்தாளால் விபூதியைத் துடைத்தேன். நெற்றிச் சுருக்கத்துக்குள் இறங்கிய வெள்ளை மட்டும் போகவே இல்லை. பொட்டை விட்டுவைத்தேன். கேட்டால் அலங்காரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

அந்த வரியின் பூர்வீகம் பென்சில்வேனியாவின் 1895-ஆம் வருஷச் சட்டம். அதற்கு முந்தைய வருஷம்தான், காலிட்சின் என்ற ஊர் அரசுப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் அங்கியோடு பாடம் நடத்தலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது பொறுக்காமல் சட்டமன்றம் உடனே தடை போட்டது. மீறினால் முதல் தடவை ஒரு வருஷம் சஸ்பெண்டு, அடுத்த தடவை வேலையே கிடையாது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாளையங்கோட்டையில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே வெள்ளை அங்கி சிஸ்டர்கள்தான். என் நெற்றியில் பட்டை, அவர் கழுத்தில் சிலுவை, பக்கத்து பெஞ்சுக்காரி தலையில் முக்காடு. 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' இன்றைக்கும் எனக்குத் தலைகீழாக வரும். அந்த சிஸ்டர்கள் இங்கே வந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சரி, தளத்துக்கு வருகிறேன். புதிதாகக் கேட்பவர்கள் 1963-ன் அபிங்டன் எதிர் ஷெம்ப் வழக்கில் தொடங்குங்கள். அபிங்டன் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். அங்கே மளிகை வாங்கிவிட்டு அந்த உயர்நிலைப் பள்ளி வழியாகத்தான் திரும்புவோம். அப்போது மாநிலச் சட்டப்படி தினமும் காலையில் பைபிளிலிருந்து பத்து வசனமாவது வாசித்தாக வேண்டும். 1956-ல் எல்லரி ஷெம்ப் என்ற பதினாறு வயதுப் பையன் அந்த நேரத்தில் குர்ஆனைத் திறந்துவைத்து மனசுக்குள் படித்தான். நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம் கழித்து எட்டுக்கு ஒன்று என்று குடும்பம் ஜெயித்தது. பைபிளை இலக்கியமாக, வரலாறாகப் பாடம் நடத்தலாம், வழிபாடாக நடத்தக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். பழைய நாடா என்பதால் ஒலியில் ஒரு இரைச்சல் உண்டு. சில இடங்களில் பேசுகிற நீதிபதி யாரென்றே அடையாளம் போட்டிருக்காது. ஆனால் அந்தக் காலத்து வக்கீல்களின் நிதானம் இருக்கிறதே, அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது கேட்க அதுதான் தோது.

அப்புறம் என்னைத் தூங்கவிடாத வழக்கு, கென்னடி எதிர் பிரெமர்டன். வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிக் கால்பந்து அணியின் துணை கோச், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வார். போகப் போகப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். 2015-ல் பள்ளி நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. 2022 ஏப்ரல் 25-ல் வாதம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இதை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். செய்தியில் படித்தால் பக்திமான் எதிர் நாத்திகர் சண்டை மாதிரி இருக்கும். காதில் கேட்டால் வேறு. நீதிபதிகளுக்கே பிடி கிடைக்காமல், இப்படி இருந்தால் என்ன, அப்படி இருந்தால் என்ன என்று கற்பனைச் சூழ்நிலையாக அடுக்குகிறார்கள். நீதிபதி கவனா ஒரு இடத்தில், எந்த ஆட்டக்காரனும் கோச்சிடம் நல்ல பெயர் வாங்கத்தானே பார்ப்பான் என்கிறார். அவரே பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து அணிக்கு கோச்சாக இருந்தவர், தெரிந்துதான் கேட்கிறார். (கடைசியில் பெரும்பான்மையோடுதான் போனார், அது வேறு கதை.)

அந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டு, தோசைக்கு உட்கார்ந்திருந்த மகனைக் கேட்டேன்.

"உன் கோச் மண்டி போட்டா நீ என்னடா பண்ணுவ?"

"நானும் போடுவேம்மா. என்னை பெஞ்ச்ல உக்கார வெச்சிட்டா?"

தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. கேஸ் கட்டிலும் இதே கதை உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பையன், ஆடவிட மாட்டார்களோ என்று பயந்து கூடப் போய் நின்றதாக அவன் வீட்டார் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்.

தீர்ப்பு கோச் பக்கம், ஆறுக்கு மூன்று. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தளத்திலிருந்தே இணைப்பு இருக்கிறது. தனியாக, சத்தமில்லாமல் செய்த சொந்தப் பிரார்த்தனை என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் நீதிபதி கோர்சச் எழுதுகிறார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய சோட்டோமேயர், கோச்சைச் சுற்றிப் பையன்கள் மண்டியிட்டிருக்கும் போட்டோவையே தீர்ப்புக்குள் அச்சிட்டுவிட்டார். எனக்கு அந்த போட்டோவைத் தாண்டி நகர முடியவில்லை. ஆனால் கோர்சச் தீர்ப்பில் இன்னொரு இடமும் இருக்கிறது: பள்ளி சொல்வதை ஒப்புக்கொண்டால், முக்காடு போட்ட முஸ்லிம் ஆசிரியையையும் வேலையை விட்டு அனுப்பலாம் என்றாகிவிடுமே என்கிறார். அதைப் படித்தபோது என் கை தானாக நெற்றிக்குப் போனது. விபூதிக்கு அவர் வேண்டும், என் பிள்ளைக்கு சோட்டோமேயர் வேண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால், நான் பூசிக்கொண்டு போவது ஒன்று. வகுப்பில் பிள்ளையை என்னோடு சேர்ந்து கும்பிட வைப்பது இன்னொன்று. நடுக்கோட்டில் மண்டியிடுகிற கோச் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். மதிப்பெண் போடுகிறவர், ஆட்டத்தில் சேர்க்கிறவர் செய்கிற எதுவும் பிள்ளைக்கு முழுக்கச் சொந்த விஷயமாகத் தெரியாது.

பென்சில்வேனியா அந்த 1895 தடையை 2023 நவம்பரில்தான் நீக்கியது. நாட்டிலேயே கடைசியாக அதை வைத்திருந்த மாநிலம் இதுதான். 2024 பிப்ரவரி 14, சாம்பல் புதன். பட்டை போட்டுக்கொண்டே போயிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் காபி மெஷின் பக்கத்தில் ஒரு மூத்த டீச்சர், நெற்றியில் கறுப்பாக ஒரு சாம்பல் சிலுவை. என் நெற்றியைப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன். "உங்களுக்கும் இன்னைக்குத்தானா?" என்று கேட்டார். எங்களுக்கு தினமும் என்றேன்.

தளத்தில் குறை என்றால், வழக்கின் பெயர் தெரியாமல் போனால் திண்டாட்டம்தான். இன்னொன்று, எல்லா வழக்குக்கும் ஒலி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். டெக்சாஸ் 2025-ல் வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லிச் சட்டம் போட்டபோது, இதே மாதிரியான கென்டக்கி சட்டத்தை 1980-ல் ரத்து செய்த ஸ்டோன் எதிர் கிரஹாமைத் தேடிப் போனேன். வாதமே கேட்காமல் தீர்ப்பெழுதிவிட்டார்களாம், கேட்க ஒன்றுமில்லை. அன்றைக்கு சுப்ரபாதம்தான் போட்டேன்.