கொடை நோட்டீஸும் பெர்லும்: 19 வருஷப் பழக்கம்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி எல்லாம் உண்டு என்றாலும் பாதிச் சோறு போடுவது கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) நோட்டீஸ்தான். சீசன் வந்துவிட்டால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள் பட்டியல் வரும், முன்னூறு பேர், நானூறு பேர், அத்தனையும் சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, மாடசாமி. ஒரு பெயர் விட்டுப்போனால் கொடையன்றைக்கே சண்டை. இந்தப் பட்டியல்களை 2006இலிருந்து பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) வைத்துத்தான் சரிக்கட்டுகிறேன். 'பெர்ல் செத்துப்போச்சு' என்று அன்றைக்கே சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். அதனால் உபயோகித்தவன் கணக்கையும் எழுதி வைப்போம் என்று தோன்றியது.

முதல் வேலை எழுத்துரு மாற்றுவது. பழைய பட்டியல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கும், இப்போது போனில் வருவது யூனிகோட் என்ற பொதுக் குறியீடு. பாமினியில் ஒற்றைக்கொம்பு ஒரு சாவி, ககரம் ஒரு சாவி, துணைக்கால் ஒரு சாவி, மூன்றும் சேர்ந்தால்தான் 'கொ'. எந்தச் சாவிக் கூட்டத்துக்கு எந்த எழுத்து என்று ஒரு ஹாஷில் (இதற்கு இது என்று ஜோடி ஜோடியாகப் போட்டு வைக்கும் பட்டியல்) போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மாற்றும் ஸ்கிரிப்ட் அது. எட்டு வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. 2014இல் கடை கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற இயங்குதளத்தின் 14.04 பதிப்பைப் போட்டேன், அதோடு பெர்லின் 5.18 பதிப்பு வந்தது, அன்றிலிருந்து பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் ஓட்டினால் 'கொடை' சரியாக வரும், மத்தியானம் அதே ஃபைலை ஓட்டினால் கொம்பு முன்னால் தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். ரெண்டு நாள் தூங்கவில்லை, ராம் கெட்டுவிட்டதோ என்று கழற்றித் துடைத்துக்கூட மாட்டினேன்.

விஷயம் என்னவென்றால், 5.18இலிருந்து ஹாஷின் வரிசை ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மாறும், பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். அதற்கு முன்னால் என் ஹாஷ் தற்செயலாகச் சரியான வரிசையில் வந்துகொண்டிருந்திருக்கிறது, அதை என் சாமர்த்தியம் என்று நான் நினைத்திருக்கிறேன். நீளமான கூட்டத்தை முதலில் மாற்று, ஒற்றைச் சாவியைக் கடைசியில் மாற்று என்று ஒரு சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டதும் தீர்ந்தது. ஒரே வரி!

அடுத்த அடி உபுண்டு 18.04இல், அதாவது பெர்ல் 5.26. இருக்கிற ஃபோல்டரிலேயே மாட்யூலை (தனி ஃபைலில் இருக்கும் துணை நிரல்) தேடும் பழக்கத்தை அதில் நீக்கிவிட்டார்கள், என் எழுத்து அட்டவணை ஃபைலைக் காணோம் என்றது. பத்து நிமிஷ வேலை. 19 வருஷத்தில் பெர்ல் மாறியதால் என் ஸ்கிரிப்ட் நின்றது இந்த ரெண்டே தடவைதான்.

தமிழுக்கு பெர்ல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: நல்லாவே இருக்கும், ஆனால் தானாக எதுவும் நடக்காது. 'திருநெல்வேலி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று சொல்லாமல் விட்டால் பைட்டை எண்ணி 36 என்று வரும், சொன்னால் யூனிகோட் குறிகளை எண்ணி 12 என்று வரும், ரெக்ஸில் (எழுத்துக் கோலத்தைத் தேடும் வசதி) பெரிய எக்ஸ் போட்டு எண்ணினால்தான் நம் வாத்தியார் சொன்ன 6 வரும். நோட்டீஸில் பத்தி பிரிக்கும்போது இது தெரியாவிட்டால் கோடு எல்லாம் கோணல்மாணல்.

அகரவரிசை இன்னொரு கூத்து. சும்மா சார்ட் போட்டால் முனியசாமி முருகனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார், பவானிக்கு முன்னால் பழனி வந்துவிடுவார். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது, வகரமோ ழகரத்துக்குப் பின்னால் போய்விட்டது, அதனால் வரும் வினை. ஒரு தர்மகர்த்தா நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அண்ணாவிக்கிட்ட ஏடு படிக்கலையா நீய?" என்றார். யூனிகோட் கொலேட் லோக்கேல் என்ற மாட்யூல் பெர்லோடு சேர்ந்தே வருகிறது, அதில் தமிழ் என்று சொல்லிவிட்டால் வரிசை சரியாகிவிடும். கொஞ்சம் மெதுவு, நானூறு பேருக்கு அது தெரியாது.

சரி, புதுச் செய்திகளுக்கு வருவோம். 2000இல் அறிவித்த பெர்ல் 6 கடைசியில் வேறு மொழியாகவே ஆகி, 2019இல் ராக்கு என்று பெயரும் மாற்றிக்கொண்டது. 2020 ஜூனில் பெர்ல் 7 வருகிறது என்று அறிவித்தார்கள், நானும் பழைய ஸ்கிரிப்டை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. அதனால் பெர்ல்காரர்களுக்குள் வந்த சச்சரவுக்குப் பிறகு மூன்று பேர் கொண்ட வழிகாட்டுக் குழு ஒன்று வந்தது, அதற்குப் பிறகும் வருஷா வருஷம் சத்தமில்லாமல் ஒரு பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. என் அபிப்பிராயம், பெர்ல் 7 வராததே நல்லது. 2022இல் வந்த 5.36இல் மேலே ஒரே ஒரு வரியில் அந்தப் பதிப்பு எண்ணை எழுதினால் போதும், கறாராகப் பிழை பார்க்கும் ஸ்டிரிக்ட், எச்சரிக்கை தரும் வார்னிங்ஸ், வரியாக அச்சிடும் சே, சப்ரூட்டீன் (துணைச் செயல்) வாங்கும் மதிப்புகளுக்கு அடைப்புக்குள் பெயர் கொடுக்கிற வசதி எல்லாம் சேர்ந்து வந்துவிடும். வேண்டாதவன் எழுதாமல் இருக்கலாம், அவனுடைய 2006 ஸ்கிரிப்ட் அப்படியே ஓடும். 2024இன் 5.40இல் டிரை கேட்ச் (ஓடும்போது வரும் பிழையைப் பிடிக்கும் வசதி) சோதனை நிலையிலிருந்து வெளியே வந்தது, டிரிம்மும் அப்படியே. முன்னும் பின்னும் ஸ்பேஸ் வெட்ட இத்தனை வருஷம் ரெக்ஸ் எழுதிக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

2023இன் 5.38இல் வந்த கிளாஸ் (தரவையும் அதற்கான செயலையும் ஒன்றாகக் கட்டும் வசதி) இன்னும் சோதனை நிலையில்தான், நான் தொடவில்லை. ஸ்மார்ட்மேட்ச் (ரெண்டு மதிப்பு பொருந்துகிறதா என்று தானே யூகித்துப் பார்க்கும் குறி) கதைதான் எனக்குப் பிடித்தது. 5.42இல் அதைத் தூக்கிவிடுவோம் என்று எச்சரிக்கை கொடுத்தார்கள், பிறகு பழைய கோட் எல்லாம் உடையும் என்று யோசித்து, 2025 ஜூலையில் 5.42 வந்தபோது வைத்தே விட்டார்கள். வீட்டில் உடைந்த உரலைத் தூக்கிப் போட மனசு வராத ஆச்சி மாதிரி.

ஒரு பயமும் இருந்தது. 2023 டிசம்பரில் எக்ஸெல் ஃபைலைப் படிக்கும் ஸ்பிரெட்ஷீட் பார்ஸ் எக்ஸெல் மாட்யூலில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தார்கள். எக்ஸெல் ஃபைலில் எண் வடிவத்துக்கு எழுதி வைத்ததை அது கோடாகவே ஓட்டிவிடும். என் கடைக்கு யார் யாரோ பென் டிரைவில் எக்ஸெல் கொண்டுவருகிறார்கள், அதனால் ஓட்டையை அடைத்த 0.66 பதிப்பு வந்த அன்றைக்கே மாற்றினேன். சிபான் என்ற பெர்ல் மாட்யூல் கிடங்கில் ஆயிரக்கணக்கில் மாட்யூல் கிடக்கிறது, வருஷக்கணக்காக யாரும் கவனிக்காதவையும் அதில் உண்டு, எடுத்துப் போடுகிறவர்கள் பார்த்து எடுங்கள்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்குக் கடைக்கு வருவான். "மாமா, இன்னும் இதையா கட்டிட்டு அழுதிய? பைத்தான்ல மாத்திருவோம்" என்றான். மாற்று என்றேன், எழுத்துரு மாற்றுவதை ரெண்டே நாளில் எழுதிவிட்டான், என்னுடையதைவிடப் படிக்க நன்றாகவே இருந்தது. அதற்கு மேல் செமஸ்டர் வந்துவிட்டது. புதிதாகப் படிக்கிறவனிடம் பெர்ல் படி என்று நான் சொல்ல மாட்டேன், இந்தப் பக்கம் பெர்லுக்கு ஆள் தேடினால் கிடைக்காது.

போன ஆடியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 'கொ'வில் வரும் ஒகரத்தைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் கொம்பு, கால் என்று ரெண்டாகவும் அடிக்கிறார்கள், பார்வைக்கு ஒன்றுதான், பெர்லுக்கு வேறு வேறு. அதை யூனிகோட் நார்மலைஸ் என்ற மாட்யூல் கொண்டு ஒன்றாக்கி, ரெட்டிப்பாக வருகிற பெயரை நீக்கு என்றும் எழுதி வைத்தேன். பட்டியலில் ரெண்டு சு. கொம்பையா, ஒரே தெரு, ஒருவரை நீக்கிவிட்டது. நோட்டீஸ் அடித்துக் கட்டுக் கட்டிய பிறகு தர்மகர்த்தா வந்து, "வரி வாங்கையில ரெண்டு ஆளு, நோட்டீஸ்ல ஒத்த ஆளா?" என்றார். ஒருவர் அப்பா சுடலைமுத்து, இன்னொருவர் அப்பா சுப்பையா. 500 நோட்டீஸிலும் சீட்டு ஒட்டிக் கொடுத்தோம். இப்போது ஸ்கிரிப்ட் எதையும் நீக்காது, ரெண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டு நிற்கும், நான் ஊருக்குப் போன் போட்டு அப்பா பெயரைக் கேட்பேன்.