பளபளப்பா, பிடிமானமா? கொழும்பு வீட்டுக்கு டைல்ஸ் தேர்வு

வெள்ளவத்தையில் நாங்கள் வாங்கிய பிளாட்டில் எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் பல வருடம் இருந்திருக்கிறது. பாத்ரூம் நிலத்தில் அவர்கள் போட்டிருந்தது கண்ணாடி மாதிரி மின்னும் வெள்ளை டைல்ஸ். வீடு பார்க்கப் போன அன்று அது காய்ந்து கிடந்தது. "எவ்வளவு துப்புரவா இருக்கு, பாரன்" என்று முதலில் சொன்னவர் அம்மா. குடிவந்த இரண்டாம் வாரம் அதே இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவரும் அம்மாதான்.

நிலத்தைக் கிளப்பி மாற்றுவது என்று முடிவானது. பழைய சோனகத் தெருவில் ஏறாத கடையில்லை. அதற்குப் பிறகு எந்த டைலைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இது நனைந்தால் என்ன ஆகும்?

முதல் போட்டி செராமிக்குக்கும் போர்சலினுக்கும். முன்பக்கத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே மரக்கோலம், ஒரே மாபிள் கோலம் அச்சடிக்கிறார்கள். டைலைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்ப் போத்தல் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து முதுகில் விடுங்கள். சுவருக்கான செராமிக் என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளி பரவி, கறுத்த வட்டமாகி உள்ளே போய்விடும். போர்சலின் என்றால் துளி துளியாகவே நிற்கும், விரலால் வழித்துவிடலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். போர்சலின் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. சாதாரணச் சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேலேயே குடிக்கும்.

இதைக் கேட்டவுடன் எல்லா இடத்துக்கும் போர்சலினே போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சுவரில் செராமிக்தான் வெல்கிறது. எடை குறைவு. உறிஞ்சும் முதுகு என்பதால் சீமெந்துக் கலவையையே இறுகப் பிடித்துக்கொள்ளும். கீசருக்கும் கண்ணாடிக்கும் துளை போடுவதும் சுலபம். போர்சலினில் அதே துளைக்குத் தனி டயமண்ட் பிட் வேண்டும், பொறுமையில்லாத கையென்றால் டைல் வெடிக்கும். சுவரில் யாரும் நடக்கப்போவதில்லை, பிறகு எதற்கு அந்த விலை? மறுபக்கம், சுவர் டைலை நிலத்துக்குப் போடவே கூடாது. ஒரு கடையில் "இதையே கீழேயும் போடலாம், ஒன்றும் ஆகாது" என்றார்கள். ஆகும். கட்டில் கால் ஒருமுறை இழுபட்டாலே தெரிந்துவிடும்.

அடுத்தது பளபளப்பா, மெட்டா (மினுங்காத மேற்பரப்பு). சண்டை இங்கேதான். கடை வெளிச்சத்தில் பளபளப்பு எப்போதும் வெல்லும், கூரை முழுக்க பல்ப் அல்லவா! வீட்டு ஹோலில் அதைப் போட்டால் இருட்டறைக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பின்னேரம் கடற்கரைக்குப் போய் வரும் பிள்ளைகளின் காலோடு மணலும் வரும். அதில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. தும்புத்தடியால் கூட்டக் கூட்ட, வாசலடி டைலில் மெல்லிய கீறல்கள் விழுந்து இரண்டு வருடத்தில் மங்கிவிடும். மெட்டில் அந்தக் கீறல் அவ்வளவாகக் கண்ணில் படாது.

பாத்ரூமிலும் பெல்கனியிலும் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை, மெட்தான். பெட்டியிலோ விவரத்தாளிலோ R9, R10, R11 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் பிடிமானம் கூடும். R9 காய்ந்த அறைகளுக்குச் சரி. ஈரமான இடத்துக்கு R10, மழை அடிக்கும் பெல்கனிக்கு R11 பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை: இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனையில் எண்ணெய் பூசிய சரிவில் சப்பாத்துப் போட்டு நடக்கிறார்கள். நாங்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற ஆட்கள். வெறுங்காலுக்கு A, B, C என்று வேறு சோதனை இருக்கிறது, C தான் அதிகப் பிடிமானம். அது குறிப்பிடப்படாத டைலுக்கு என் வழி எளிது. மாதிரி டைலை நிலத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்பும் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தேய்த்துப் பார்த்தேன். மெட்டுக்கும் ஒரு குறை உண்டு, ஒளிக்கமாட்டேன்: சொரசொரப்பு கூடினால் சோப்புக் கறை உள்ளே உட்கார்ந்துகொள்ளும், மொப் போதாது, பிரஷ் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அசிட் ஊற்றாதீர்கள். டைலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, இடையில் இருக்கும் சீமெந்துக் கிறவுட்டைத்தான் அது தின்னும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோலுக்கு 2 அடிக்கு 2 அடி நன்றாக இருக்கும், கோடு குறைவு. பாத்ரூமுக்கு 1 அடி அல்லது அதற்கும் சின்னது. நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஓட்டைக்கு ஓட வேண்டும். பெரிய டைலை அப்படிச் சரிக்க முடியாது, சரித்தால் மூலை எழும்பும். சின்ன டைலில் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்கும் பிடி கிடைக்கும்.

குசினிச் சுவர் நேர் எதிர். அங்கே பளபளக்கும் செராமிக்தான் நல்லது, தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயை ஒரே துடையில் எடுத்துவிடலாம். தங்கச்சி வீட்டில் செங்கல் மாதிரி சின்னச் சின்ன டைல்ஸ் போட்டார்கள், பார்க்க அழகு. இப்போது அடுப்புக்குப் பின்னால் ஒவ்வொரு கோடும் மஞ்சள். கோடு குறைந்த பெரிய டைல், அல்லது எபொக்சி கிறவுட். இரண்டில் ஒன்று இருந்தால் தப்பலாம்.

டைலே வேண்டாம், டைட்டேனியம் சீமெந்து பூசி நிலத்தையே மினுக்கிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். குளிர்மையாக இருக்கும், பழைய சிவப்புச் சீமெந்து நிலத்தில் வளர்ந்தவர்களுக்கு மனசும் நிறையும். கைதேர்ந்த மேசன் பாஸ் அமையாவிட்டால் வெடிப்பு விழும். மாடி பிளாட்டுக்கு நான் துணியவில்லை.

பதிக்கும் முறையிலும் இரண்டு கட்சி. எங்கள் மேசன் பாஸ் மணல்-சீமெந்துக் கட்சி. சுவர் செராமிக்குக்கு அது போதும், சரி. போர்சலினின் உறிஞ்சாத முதுகில் அது சரியாக ஒட்டாது, மூட்டையில் வரும் டைல் பசைதான் வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசையைக் கட்டியாக வைத்து அமுக்க அனுமதிக்கவே கூடாது. பதித்துச் சில நாள் கழித்து நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். மூன்று இடத்தில் "டொக்" என்று வெற்றுச் சத்தம். "அது பரவாயில்லை, மிஸ்" என்றார் பாஸ். கழற்றித் திரும்பப் பதித்தோம். இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் பதித்தால் அழகு என்பதும் ஏமாற்று. மேற்கு வெயில் நேரே அடிக்கும் வீட்டில் டைல்ஸ் விரியும், விரிய இடமில்லாவிட்டால் ஒருநாள் படாரென்று கிளம்பும். 2, 3 மில்லிமீற்றராவது விடுங்கள்.

எந்த டைலும் பாத்ரூம் கசிவைத் தடுக்காது, அது கிறவுட் வழியாகக் கீழே இறங்கும். டைலுக்கு அடியில் வோட்டர் புரூஃப் பூசி, ஓட்டையை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். நாங்கள் கீழ்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். ஈரம் வரவில்லை, தேத்தண்ணி வந்தது.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் (நிறச் சாயலுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், 10 சதவீதம் கூடவும் எடுங்கள். 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பாதி பதித்த இந்திய டைலுக்கு ஜோடி தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு மிஞ்சியது ஐந்து. நாலு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மற்றதன்மேல் அம்மா காலையில் ரொட்டி தட்டுகிறார்.