கடிதத்தில் ‘கடும் கவனக்குறைவு’ என்று வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களுக்கு உரமும் களைக்கொல்லியும் சப்ளை செய்யும் ஒருவரின் ஸ்டோர் எரிந்தது. கூரை வேலைக்கு வந்த வெல்டிங் குத்தகையாளர் கீழே கிடந்த காலி உரப்பைகளை அகற்றவில்லை, தீயணைப்பானும் வைக்கவில்லை. நஷ்டம் 1,00,000 வெள்ளி. காப்புறுதி நிறுவனம் ‘முதலாளியின் கடும் கவனக்குறைவு’ என்று எழுதி, ‘கருணை அடிப்படையில்’ 20,000 வெள்ளி தருவதாகச் சொன்னது. கடை திறக்கப் பணம் வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தாளின் கடைசி வரி: ‘முழுமையான, இறுதியான தீர்வு’. அதாவது, மீதியை இனிக் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். இப்படி அநியாயமாக ஏமாறுகிறவர்கள் நம் ஊர்களில் அதிகம்.

தீ காப்புறுதி எடுப்பதே கவனக்குறைவால் வரும் நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான். ‘நியாயமான முன்னெச்சரிக்கை’ என்ற நிபந்தனையைக் காட்டுவார்கள். ஆபத்து தெரிந்தும் ‘நடப்பது நடக்கட்டும்’ என்று விட்டிருந்தால்தான் அது மீறல் என்பது, முதலாளி பொறுப்புக் காப்புறுதி (வேலையில் தொழிலாளிக்கு அடிபட்டால் முதலாளி தரவேண்டிய நஷ்டஈட்டுக்கானது) பற்றிய 1967ஆம் ஆண்டு ஃபிரேசர் எதிர் ஃபர்மன் என்ற ஆங்கிலேய வழக்கிலிருந்து வரும் அளவுகோல். குத்தகையாளர் செய்த தவறு தானாகவே முதலாளியின் தவறாகிவிடாது. எனவே முதல் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: பாலிசியின் எந்த எண் நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள்? அட்ஜஸ்டர் (நஷ்டத்தை ஆராய்ந்து மதிப்பிடுபவர்) அறிக்கையின் நகலையும் கேளுங்கள். ஆனால் வெல்டிங் வேலைக்கென்றே தனி நிபந்தனை (பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்த பிறகும் ஓர் ஆள் காவல்) இருந்து அதை மீறியிருந்தால், அவர்கள் வாதம் பலமானது.

இதைவிட மோசமான கண்ணி குத்தகையாளரின் கொட்டேஷன் தாளில், பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது: ‘எங்கள் பொறுப்பு பில் தொகைக்கு மேல் போகாது.’ 3,000 வெள்ளி வேலைக்கு 3,000 வெள்ளிதான் பொறுப்பு. நஷ்டஈடு கொடுத்த காப்புறுதி நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று குத்தகையாளரிடம் வசூலிக்கும். அந்த உரிமையை நீங்களே முன்கூட்டி விட்டுக்கொடுத்திருந்தால், அதையே காரணம் காட்டி உங்கள் கோரிக்கையை மறுக்கப் பார்ப்பார்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டி, வழக்கே போட முடியாதபடி தடுத்த ஒரு விதியைக் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் செல்லாததாக்கியது உண்மை. தொகைக்கு மட்டும் வரம்பு வைக்கும் விதி அப்படி எளிதில் விழாது. கையெழுத்துக்கு முன் அந்த வரியை அடித்து, இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுங்கள். குத்தகையாளரின் பொதுப் பொறுப்புக் காப்புறுதி நகலையும் வாங்கி வையுங்கள்.

காப்புறுதித் தொகை குறைவாக இருந்தாலும் அடி விழும். 5,00,000 வெள்ளி சரக்கை 3,00,000க்கு எடுத்திருந்தால், அதே விகிதத்தில் 1,00,000 நஷ்டத்துக்கு 60,000தான். அதிலும் எக்ஸஸ் (நஷ்டத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) கழியும். உரம் விலை ஏறியதும் தொகையை ஏற்றுங்கள்.

கொடுக்கும் பணத்தை வாங்கத்தான் வேண்டுமென்றால், ‘பகுதித் தொகையாக, என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதினால் மட்டும் கையெழுத்திடுங்கள். நிறுவனத்தின் புகார்ப் பிரிவு இறுதி முடிவு தந்த 6 மாதத்துக்குள், சிறு வணிகர்கள் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைக்கு (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் அமைப்பு) போகலாம்; 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது, வரம்பு 2,50,000 வெள்ளி. அதற்கு மேலென்றால் வழக்கறிஞர்தான். பாலிசியில் நடுவர் தீர்ப்பு விதி (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் கொண்டுபோகச் சொல்லும் விதி) இருக்கிறதா என்று அவரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.